உறையின் வளைவுக்குள் கத்தி இல்லை
ஓர் அரபுக் குத்துவாளை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

நெய்வேலி நகரியத்தைத் தாண்டி மந்தாரக்குப்பத்தில் ஒரு தோழரின் வீடு. நகரியத்துக்குள்ளே நிரந்தரத் தொழிலாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும் குவார்ட்டர்ஸ், அகலமான சாலைகள், வரிசையாய் மரங்கள். வெளியே, சுரங்கத்துக்கு நிலத்தை விட்டுவந்த குடும்பங்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள், சின்னச் சின்னக் கடைகள். தோழரும் ஒப்பந்தத் தொழிலாளிதான். கூட்டம் ஒன்று முடிய நேரமாகி, அன்றிரவு அவர் வீட்டில் தங்கும்படி ஆயிற்று. டி.வி.க்கு மேலே சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே சிவப்பு வெல்வெட் துணி. அதன்மேல் வெள்ளி நிறத்தில் பளபளக்கும் உறையோடு வளைந்த ஒரு குத்துவாள்.

“என்ன தோழர், அதையே பாத்துக்கிட்டிருக்கீங்க? தம்பி மஸ்கட்லேர்ந்து கொண்டாந்தது. பத்து வருஷம் வெல்டிங் வேல பாத்தான். வரும்போது ஒரு டி.வி., ரெண்டு போர்வை, அப்புறம் இது.”

“உருவிப் பாக்கலாமா?”

“தாராளமா. ஆனா வெண்டக்காகூட நறுக்காது.”

உருவினேன். தகரம்போல் மெல்லிய அலகு. கூர் இல்லை. ஆறாவது படிக்கும் அவர் மகள் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். “மாமா, கத்தி லேசாத்தான் வளஞ்சிருக்கு. உறை இப்பிடி மடங்கியிருக்கு. பின்ன எப்பிடி உள்ள போவுது?”

சரியான கேள்வி. ஆயுதங்களைப் பற்றி எழுதும் பலரும் கேட்காமல் விட்ட கேள்வி. துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை எடுத்துக் கொடுத்தேன். அவளே உறைக்குள் விட்டுப் பார்த்தாள். வளைவு தொடங்குகிற இடத்தில் குச்சி நின்றுவிட்டது. அதற்குக் கீழே துளையே இல்லை. மரக்கட்டை. அதன்மேல் தகடு.

“அப்ப கீழ இருக்கிறது சும்மாவா?”

சும்மா என்றுதான் அப்போது சொன்னேன். தவறான பதில். அந்த வளைவு சும்மா இல்லை. கத்தி இல்லாத அந்தப் பகுதியில்தான் இந்த ஆயுதத்தின் அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது. ஏன் அப்படி என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரையின் வேலை.

2

ஓமானில் இதற்குப் பெயர் கஞ்சர். ஏமனில் ஜம்பியா. அரபியில் ‘ஜன்ப்’ என்றால் பக்கம், விலாப்புறம். பக்கத்தில் செருகிக்கொள்வதால் ஜம்பியா. தமிழுக்கும் இந்தக் குடும்பம் அந்நியமில்லை. கட்டாரி, சூரி, பிச்சுவா எல்லாம் நம்முடைய புழக்கத்தில் இருந்த சொற்கள். பிச்சுவா வடக்கிலிருந்து வந்தது, ‘பிச்சு’ என்றால் தேள். தேளின் கொடுக்குப்போல வளைந்த கத்தி. வளைந்த குத்துவாள் அரபு நாட்டுக்கே உரியது என்றில்லை. ஆனால் அந்த உறை அங்கே மட்டும் உருவானது.

பழைய, நல்ல வேலைப்பாடுள்ள ஒரு ஜம்பியாவை எடுத்துக்கொண்டால் அதில் நான்கு பாகங்கள் இருக்கும். பிடி, அலகு, உறை, இடுப்புப்பட்டை. அலகு இரண்டு பக்கமும் கூரானது. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு தண்டு ஓடும். அதுதான் அலகு மடங்காமல் தாங்குகிறது. பழைய கத்திகளில் அலகு பொய்யில்லை. குத்தினால் குடல் சரியும். பிடி கொம்பாலோ மரத்தாலோ ஆனது. இரண்டு முனைகளும் அகன்று இடை சிறுத்திருக்கும். உறை அடியில் மரம், அதன்மேல் தோல், தோலின்மேல் வெள்ளி. வெள்ளிக் கம்பியை முறுக்கிப் பூவாகவும் கொடியாகவும் பதிப்பார்கள். குருணை மாதிரி சின்ன வெள்ளி மணிகளைச் சூட்டில் ஒட்டுவார்கள். ஓமான் கஞ்சரில் உறையைப் பட்டையோடு பிணைக்க வெள்ளி வளையங்கள் இருக்கும்.

இப்போது வளைவுக்கு வருவோம். ஓமான் கஞ்சரின் உறை கிட்டத்தட்டச் செங்கோணத்தில் திரும்புகிறது. வடக்கு ஏமனின் பழங்குடி ஆண்கள் அணியும் உறை (அஸீப் என்று பெயர்) தூண்டில் முள் மாதிரி மேல்நோக்கியே வளைந்துவிடும். அலகின் வளைவோ மிதமானது. எனவே அலகு பாதியில் நின்றுகொள்ள, மீதி உறை தன் போக்கில் வளைந்து போகிறது. ஒரு பொருளின் பயன் முடிகிற இடத்தில் அதன் பேச்சு தொடங்குகிறது. பயன்பாடு தன்னையே சுட்டும் குறியாக மாறிவிடுவதைப் பற்றி ரோலான் பார்த் எழுதியிருக்கிறார். மழைக்கோட்டு மழையைத் தடுக்கும், கூடவே ‘மழைக்காலம்’ என்றும் சொல்லும். ஜம்பியாவின் உறை கத்தியைக் காக்கிறது. கூடவே ‘நான் யார்’ என்று எதிரில் நிற்பவனுக்குச் சொல்கிறது. மொழி தெரிந்தவனுக்கு அது படிக்கக் கிடைக்கும் பிரதி.

என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

3

வடக்கு ஏமன் 1962 புரட்சிவரை ஸைதி இமாம்களின் ஆட்சியில் இருந்தது. சமூகம் பிறப்பால் அடுக்கப்பட்டிருந்தது. மேலே, நபியின் வம்சம் என்று சொல்லிக்கொண்ட ஸையிதுகள். அடுத்து, சட்டம் படித்த காதி குடும்பங்கள். பிறகு நிலமும் ஆயுதமும் வைத்திருந்த பழங்குடியினர். அவர்களுக்குக் கீழே நாவிதர், கசாப்புக்காரர் போன்ற தொழிற்குழுக்கள். எல்லோருக்கும் கீழே, தெருக்கூட்டும் வேலைக்கென்று ஒதுக்கப்பட்ட கறுப்பு மக்கள். அவர்களுக்கு ‘அக்தாம்’ என்று பெயர், வேலைக்காரர்கள் என்று அர்த்தம். இன்று அந்த மக்களைக் குறிக்க ‘முஹம்மஷீன்’ என்ற சொல் வழங்குகிறது. அதன் நேர்ப்பொருள் விளிம்புக்குத் தள்ளப்பட்டவர்கள். நாம் கட்டுரைகளில் எழுதித் தேய்த்துவிட்ட ‘விளிம்புநிலை’ என்ற சொல் அங்கே ஒரு மக்கள் கூட்டத்தின் பெயராகவே இருக்கிறது.

இந்த அடுக்கு இடுப்பில் தெரிந்தது. பழங்குடி ஆண் வயிற்றின் நடுவில், நிமிர்த்தி, வளைந்த உறையோடு செருகினான். ஸையிதும் காதியும் வலப்பக்கம் சாய்த்து, அதிகம் வளையாத, வெள்ளி மிகுந்த வேறு வகை உறையை அணிந்தார்கள். தெருவில் வருகிறவனை முகம் பார்க்காமலே தரம்பிரித்துவிடலாம். அக்தாம் மக்களுக்கு ஜம்பியாவே மறுக்கப்பட்டிருந்தது. கத்தி இல்லாத இடுப்பும் ஒரு குறிதான். இல்லாமையைக்கொண்டு பேசும் குறி.

இதைக் கேட்டு நாம் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். அதில் ஒன்று, தங்க நகையோ வெள்ளி நகையோ அணியக்கூடாது என்பது. ஜே.எச். ஹட்டன் அதைப் பதிவுசெய்திருக்கிறார். உடம்பின்மேல் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்பதை ஒழுங்குசெய்வது சாதியின் பழைய வேலை. இங்கே தோள்துண்டும் செருப்பும் மேலாடையும். அங்கே இடுப்பில் ஒரு கத்தி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழங்குடி வழக்காற்றில் சண்டையின்போது ஜம்பியாவை உறையிலிருந்து உருவுவதே குற்றம். யாரையும் காயப்படுத்தாவிட்டாலும் ஈடு கொடுக்க வேண்டும். தகராறு பஞ்சாயத்துக்கு வந்தால் இரண்டு தரப்பும் தங்கள் ஜம்பியாக்களைக் கழற்றி நடுவரிடம் பிணையாகக் கொடுப்பார்கள். தீர்ப்புக்குக் கட்டுப்படுவேன் என்பதற்கு அதுதான் பத்திரம். கத்தி உறைக்குள் இருக்கும்வரை கௌரவம், உருவினால் கடன். வன்முறையைச் சேமித்துவைத்து, செலவழிக்காமலே அதன் வட்டியை அனுபவிக்கும் ஏற்பாடு இது. ஓமான் நாட்டின் சின்னத்தில் குறுக்காக இரண்டு வாள்கள் இருக்கின்றன, நடுவில் கஞ்சர். வாள்கள் உறைக்குள் இருக்கின்றன. கஞ்சரும் உறைக்குள். பத்து வருஷம் தோழரின் தம்பி சம்பளமாக எண்ணி வாங்கிய ஒவ்வொரு நோட்டிலும் அந்தச் சின்னம் இருந்திருக்கும்.

4

சரி, உறையைச் செய்தது யார்?

ஏமனில் வெள்ளி வேலையின் பெரும்பகுதி யூதக் கொல்லர்களின் கையில் இருந்தது. ஸனாவில் பவ்ஸானி குடும்பத்தின் கைவேலை பெயர் பெற்றது. வெள்ளி எங்கிருந்து? பெரும்பாலும் மரியா தெரேசா தாலர் என்ற ஆஸ்திரிய நாணயத்தை உருக்கி எடுத்தது. அந்த ராணி 1780இல் இறந்த பிறகும் அதே ஆண்டைப் பொறித்து நாணயத்தை அடித்துக்கொண்டே இருந்தார்கள். காப்பி வியாபாரத்தின் வழியே அது செங்கடல் கரையெங்கும் பரவியிருந்தது. ஐரோப்பிய ராணியின் முகம் உருகி அரபுக் கத்தியின் உறையில் பூவேலையாயிற்று.

இந்த உறைகளைச் செய்த யூதர்களுக்கு, இமாம் ஆட்சியின் கீழ், ஜம்பியா அணிய உரிமை இல்லை. தெற்கே ஹப்பான் போன்ற சில இடங்களில் விதிவிலக்கு உண்டு. பொதுவிதி அதுதான். ஒரு கொல்லன் வாரக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து கம்பி முறுக்குவான், மணி ஒட்டுவான், வளைவைச் சரிபார்ப்பான். தன் இடுப்பில் ஒருமுறை செருகிப் பார்த்திருப்பானா? பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்திருக்கலாம். எழுதி வைத்தவர் யாருமில்லை.

1949-50இல் சுமார் 49,000 ஏமன் யூதர்கள் விமானங்களில் இஸ்ரேலுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கொல்லர்கள் போவதற்கு முன் தங்கள் தொழிலை முஸ்லிம்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று இமாம் அகமது நிபந்தனை விதித்ததாகச் சொல்லப்படுகிறது. ஆட்கள் வேண்டாம், கைத்திறன் வேண்டும். இன்று ஏலக்கூடங்களில் அந்தக் காலத்து உறைகளுக்கு விலை ஏறிக்கொண்டே போகிறது. அருங்காட்சியகத்தில் பெயர்ச்சீட்டு தொங்கும்: ‘குத்துவாள், உறையுடன். ஏமன். வெள்ளி. 19ஆம் நூற்றாண்டு.’ நாடு இருக்கிறது, உலோகம் இருக்கிறது, காலம் இருக்கிறது. செய்தவன் இல்லை. அணியத் தடைசெய்யப்பட்டவனும் இல்லை. சரக்கு தன்னை உண்டாக்கிய உழைப்பை மறைத்துக்கொண்டு தானே முளைத்ததுபோல நிற்கும் என்று மார்க்ஸ் விளக்கினாரே, அதற்கு இதைவிடப் பளபளப்பான உதாரணம் கிடைக்காது.

இந்தியப் பக்கமும் இந்தக் கத்தி வந்து போயிருக்கிறது. ஹைதராபாத் நிஜாமின் படையில் ஹத்ரமவுத்திலிருந்து வந்த அரபு வீரர்கள் ஜம்பியாவோடு நின்றார்கள். நகரத்தின் தெற்கே பார்க்கஸ் என்ற பகுதியில் அவர்களின் வம்சத்தார் இன்றும் வாழ்கிறார்கள். பாரக்ஸ்தான் பார்க்கஸ் ஆயிற்று. அந்த அரபு ஜமேதார்கள் சிப்பாய்கள் மட்டுமல்ல, வட்டிக்கு விடுகிறவர்களும்கூட. அப்படி ஹைதராபாத்தில் செல்வம் சேர்த்த உமர் பின் அவத் அல் குஐத்தியின் வம்சம்தான் ஹத்ரமவுத்தில் முகல்லாவை 1967வரை ஆண்டது. தக்காணத்தில் திரண்ட பணம் அரேபியாவில் ஒரு சுல்தானின் சிம்மாசனமானது. அப்படி ஓர் அரசவையில் மின்னிய உறையின் வெள்ளியில் தெலங்கானா விவசாயியின் வட்டிக்காசும் கலந்திருந்தால் வியப்பதற்கில்லை.

5

இதுவரை படித்துவிட்டு, குறியை எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே என்று ஒருவர் கேட்கலாம். 1970களில் ஏமனில் ஏறக்குறைய அதுதான் நடந்தது. எண்ணெய் விலை ஏறியதும் லட்சக்கணக்கான ஏமன் இளைஞர்கள் சவூதிக்குக் கூலிவேலைக்குப் போனார்கள். கையில் காசு வந்தது. முன்பு பெரிய குடும்பங்கள் மட்டும் அணிந்த உயர்ந்தவகை ஜம்பியாவை இப்போது கட்டிட வேலைக்காரனும் வாங்கினான்.

உயர்ந்தவகையைத் தீர்மானித்தது பிடி. காண்டாமிருகக் கொம்பில் செய்த பிடிக்குத்தான் மதிப்பு. கை பட்டுப் பட்டு, வருஷங்கள் போகப் போக, அது மஞ்சளாகி வெளிச்சம் ஊடுருவும் பளபளப்பைப் பெறும். அந்த ரகத்துக்கு ஸைஃபானி என்று பெயர். பாட்டன் பிடித்த பிடி, அப்பன் பிடித்த பிடி என்று பெருமை. ஆனால் புதிதாகக் காசு பார்த்தவனுக்கு ஏது பாட்டன் கத்தி? புதுக் கொம்பு வேண்டும். அது கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறியது.

1970வாக்கில் ஆப்பிரிக்காவில் சுமார் 65,000 கறுப்புக் காண்டாமிருகங்கள் இருந்ததாகக் கணக்கு. 1995இல் சுமார் 2,400. கிழக்காசிய மருந்துக்கடைகள் ஒரு காரணம். ஏமனின் கத்திப்பிடிகள் இன்னொரு காரணம். எஸ்மண்ட் பிராட்லி மார்ட்டினும் லூசி விக்னேயும் ஸனாவின் பட்டறைகளில் உட்கார்ந்து, எத்தனை கிலோ கொம்பு வருகிறது, சீவலும் தூளும்கூட எங்கே போகிறது என்று கணக்கெடுத்தார்கள். வடக்கு ஏமன் 1982இல் கொம்பு இறக்குமதியைத் தடைசெய்தது. கடத்தல் நிற்கவில்லை. காண்டாமிருகங்களைக் கொல்வது மார்க்கத்துக்கு விரோதம் என்று ஏமனின் தலைமை முஃப்தி 1992இல் ஃபத்வா கொடுத்தார். ஆனால் அதற்கு முன்பே வேறொன்று நடந்துவிட்டது. குவைத் விவகாரத்தில் ஏமனின் நிலைப்பாடு பிடிக்காமல் சவூதி 1990இல் விதிகளை மாற்ற, சுமார் 8 லட்சம் ஏமன் தொழிலாளர்கள் நாடு திரும்பினார்கள். காசு வந்த வழி அடைபட்டது. ஏழ்மையும் மிருகத்தைக் காப்பாற்றியது என்பதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட முடியாது.

கொம்புக்கு மாற்றாக அதிகம் வந்தது எருமைக்கொம்பு. அது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போனது.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். ஸையிதின் கத்தி தனக்கும் வேண்டும் என்று கூலித்தொழிலாளி ஆசைப்பட்டதில் தப்பில்லை. பறிக்கப்பட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வேகம் அது. வெள்ளி நகை போடாதே என்று சொன்னவர்களின் எதிரே வெள்ளி கொலுசு போட்டு நடப்பது எவ்வளவு பெரிய அரசியல் என்று நமக்குத் தெரியும். அதே சமயம், குறி அப்படியே இருந்து, அதை அணிகிறவர்களின் எண்ணிக்கை மட்டும் கூடினால், அடுக்கு கலைவதில்லை. கத்திக்குள்ளேயே புது அடுக்கு உண்டாகிறது: காண்டாமிருகக் கொம்பு, எருமைக்கொம்பு, பிளாஸ்டிக். முஹம்மஷீன் தெருக்கூட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் மேலே வரவில்லை. செலவு மட்டும் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு, பேசத் தெரியாத ஓர் உயிரின்மேல், தள்ளப்பட்டது.

6

உறை, பிடி ஆயிற்று. மிச்சம் அலகு. இங்கே நம் ஊர் கதைக்குள் வருகிறது.

இந்தியாவிலிருந்து போன எஃகைக்கொண்டு செய்த வாளுக்கு அரபியில் ‘முஹன்னத்’ என்றே பெயர். ஒன்பதாம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் ஸரந்தீப், அதாவது இலங்கை வாள்களைத் தனி வகையாகச் சொல்கிறார். இலங்கையில் சமனலவெவவின் மலைச்சரிவுகளில் பருவக்காற்றையே துருத்தியாகப் பயன்படுத்திய பழைய உலைகளைத் தோண்டியெடுத்து, கில் ஜூலெஃப் 1996இல் அறிவித்தார். நெய்வேலி இருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலேயே, மேல்சிறுவலூரில், மண்மூசையில் எஃகு உருக்கிய களம் ஒன்றைச் சாரதா சீனிவாசன் கண்டறிந்து 1994இல் எழுதினார்.

முறை எளிமையாகத் தோன்றும். கைக்கடக்கமான மண்மூசைக்குள் இரும்புத் துண்டுகள், ஆவாரங்குச்சி, எருக்கிலை. வாயைக் களிமண்ணால் பூசிவிட்டு, பல மூசைகளை அடுக்கி, மணிக்கணக்கில் துருத்தி ஊத வேண்டும். செடியிலிருக்கும் கரி இரும்புக்குள் இறங்கி எஃகாகும். சரியாக அடித்து எடுத்த அலகின்மேல் நீரலைபோல வரி ஓடும். அரபியிலும் பாரசீகத்திலும் அந்த வரிக்கு ‘ஜவ்ஹர்’ என்று பெயர். இந்த ஆவாரம், எருக்கு விவரத்தை எழுதிவைத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். நெய்வேலிக்குக் கிழக்கே கடற்கரையில் பரங்கிப்பேட்டையில் 1830இல் இரும்பாலை தொடங்கியவர். கொல்லர்களிடம் கற்றார், ஆலை வைத்தார், இங்கிலாந்தில் எஃகு செய்முறைக்குக் காப்புரிமை பெற்றார். கற்றுக்கொடுத்த கொல்லர்களின் பெயர் எந்தக் காப்புரிமையிலும் இல்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ‘பார்த்தாயா, அரேபியன் கத்தியே தமிழன் எஃகு’ என்று மேடை ஏறிவிட வேண்டாம். பெரும்பாலான ஜம்பியா அலகுகள் சாதாரண இரும்பிலும் எஃகிலும் உள்ளூரில் அடித்தவை. தெற்காசிய மூசை எஃகு போனதும் உண்மை, அது எல்லாக் கத்தியிலும் இல்லை என்பதும் உண்மை. பெருமை பேசுவதும் ஒரு வகை உறைதான். வரலாறு அதற்குள்ளே பாதி தூரம்தான் இருக்கும், மீதி வெறும் வளைவு. ‘தமிழன்’ என்று பொதுவாகச் சொன்னால், மூசைக்கு முன்னால் உட்கார்ந்து துருத்தி ஊதியவன் யார், அவனை ஊருக்குள் எங்கே உட்காரவைத்தார்கள் என்ற கேள்வி காணாமல் போய்விடும்.

அந்த எஃகின் முடிவையும் சொல்ல வேண்டும். பாளையக்காரர் போர் முடிந்ததும், 1801 டிசம்பரில், கும்பெனி அரசு தெற்குச் சீமையில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. 1878 ஆயுதச் சட்டம் நாடு முழுக்க அதைச் செய்தது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு. யார் ஆயுதம் வைக்கலாம் என்பதை இப்போது இமாமுக்குப் பதில் வெள்ளைக்காரன் தீர்மானித்தான். தஞ்சை அரண்மனையின் ஆயுதக்கிடங்கிலிருந்து அழகானவற்றைச் சென்னை அருங்காட்சியகத்துக்கு எடுத்துக்கொண்டு, மீதிப் பெருங்குவியலை உடைத்துப் பழைய இரும்பாக எடைபோட்டு விற்றார்கள். அலங்காரம் இருந்தது பிழைத்தது. அலங்காரம் இல்லாதது, அதுவும் நல்ல எஃகாக இருந்திருக்கலாம், உடைபட்டது. அழகான ஆயுதங்களே கண்ணாடிக்குப் பின்னால் நமக்குக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

7

மந்தாரக்குப்பத்துக்குத் திரும்புவோம்.

ஓமானின் கஞ்சர் செய்யும் திறனை யுனெஸ்கோ 2022இல் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நல்லதுதான். கைத்திறனுக்கு மரியாதை வேண்டும். ஆனால் மஸ்கட் கடைவீதியில் வெல்டர் வாங்கும் விலையில் கிடைக்கும் கஞ்சர்களில் பல இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் செய்தவை. தோழரின் தம்பி கொண்டுவந்தது, இந்தியாவில் ஏதோ பட்டறையில் ஒருவர் தகடு அடித்து, மஸ்கட் போய், மறுபடி இந்தியாவுக்கே வந்ததாகவும் இருக்கலாம். தம்பியிடம் போனில் கேட்டேன், “அங்க யாராவது கட்டியிருக்கறத பாத்திருக்கீங்களா?” என்று. “கல்யாணத்துல, பெருநாள்ல பாத்திருக்கேன். எங்க சைட்ல யாரு கட்டப்போறா? அங்க இருந்ததெல்லாம் நம்ம ஆளுங்கதான்” என்றார். தன்னால் அங்கே அணிய முடியாத ஒன்றை, இங்கே சுவரில் மாட்டுவதற்காக வாங்கிவந்திருக்கிறார். அதைக் கேலிசெய்ய எனக்கு மனம் வரவில்லை. பத்து வருஷத்துக்குச் சாட்சியாக அவருக்கு ஏதோ ஒன்று வேண்டியிருந்தது.

நம்மூரிலும் ஆயுதம் அலங்காரமாய்ப் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. மாநாட்டு மேடைகளில் தலைவர்களுக்கு வெள்ளியில் வீரவாள் கொடுக்கிறார்கள். அதைத் தூக்கிக் காட்டுகையில் கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. சாதிச் சங்கங்களின் சுவரொட்டியில் அரிவாளும் வேல்கம்பும். அந்த வாளை அடித்த தட்டாருக்கும் மேடைக்கும் என்ன உறவு? அதே வாளை ஒரு சேரிப் பையன் உயர்த்திப் பிடித்தால் அதே போலீஸ் என்ன செய்யும்? இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டால் வெள்ளி வாளின் வளைவு எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும்.

நெய்வேலியையும் இப்படி வாசிக்கலாம். 1956இல் நிறுவனம் உருவாயிற்று. 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். பல கிராமங்களின் நிலம் போயிற்று. நெய்வேலி என்ற கிராமத்தின் பெயர் உலகம் முழுக்கப் போனது, அந்தக் கிராமத்தில் இருந்தவர்கள் மந்தாரக்குப்பம் மாதிரி இடங்களுக்குப் போனார்கள். நகரியத்தின் சாலையும் மரமும் அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. எந்த அழகின் முன்னாலும் நின்று, ஈர்க்குச்சி எதுவரை போகிறது என்று பார்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அருங்காட்சியகங்களிடமும் நமக்கு ஒரு கோரிக்கை இருக்க வேண்டும். ‘குத்துவாள், உறையுடன்’ என்று எழுதும் சீட்டில் இன்னும் மூன்று வரி எழுத இடம் இருக்கிறது. யார் செய்தார்கள். யார் அணியலாம் என்று இருந்தது. யார் அணியக்கூடாது என்று இருந்தது. பெயர் தெரியாவிட்டால் எந்தக் கூட்டத்தார் என்றாவது எழுதலாம். சென்னையில் இருக்கும் கட்டாரிக்கும் இது பொருந்தும், ஐயனார் கையில் இருக்கும் அரிவாளைப் பற்றி நாம் எழுதும் கட்டுரைக்கும் பொருந்தும்.

காலையில் கிளம்பும்போது அந்தப் பெண்ணிடம், “நேத்து சும்மான்னு சொன்னது தப்பு” என்றேன். வளைவில் கத்தி இல்லை, அதை யார் போட்டுக்கலாம், யார் போட்டுக்கக் கூடாதுங்கிறதுதான் அதுக்குள்ள இருக்கு என்று சொல்லி, கொல்லர்கள் கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “அவங்க செஞ்சத அவங்களே போட்டுக்கக் கூடாதா? அவங்க செய்யாம இருந்திருந்தா?” என்றாள்.

தோழர் சிரித்தார். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சைக்கிளை எடுத்தார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பதில் அவருடைய சங்கத்தின் கையில் இருக்கிறது.